இரும்பைக் கேட்கும் செம்பு

திருகோணமலையிற் கோணேசர் கோயில் எழுந்துள்ள பாறை கடலை நோக்கிச் செங்குத்தாக இறங்கும் இடத்தில் ஒரு பிளவு உண்டு. இராவணன் வெட்டு என்று ஊரார் அதனை வழங்குவர். தாயின் வழிபாட்டுக்காக மலையைப் பெயர்க்க முனைந்த இராவணன் வாளால் வெட்டிய தடம் அது என்பது கதை. அதே இராவணன் கைலையின் கீழ் அகப்பட்டு வருந்தியபோது தன் தலையைக் குடமாகவும் கையைத் தண்டாகவும் உடலின் நரம்புகளைத் தந்திகளாகவும் கொண்டு ஒரு கருவி சமைத்து, அதனை மீட்டிப் பாடி இறைவன் சினத்தைத் தணித்தான் என்பது இன்னொரு கதை. கதைகளின் மெய்ம்மையை ஆராய்வது இங்கு நோக்கமன்று. ஆனால், அவற்றைக் கட்டியவர்கள் கருவி நுட்பம் ஒன்றை நன்கு அறிந்திருந்தனர் என்பது தெளிவு. நரம்பு தனியே ஒலிக்காது. மெல்லிய நரம்பொன்று காற்றை அசைக்கும் அளவு மிகச் சிறிது. அதன் அதிர்வை வாங்கிப் பெரிதாக்க ஒரு குடம் வேண்டும். யாழுக்குப் பத்தரும் வீணைக்குக் குடமும் அமைந்தது இதனாலேயே. இராவணனுக்குத் தலைகள் பத்து இருந்தமையால் ஒன்றைக் குடமாக்குவதில் இடர்ப்பாடு இருந்திராது.

மின் கிற்றாரில் அக்குடம் இல்லை. அதன் உடல் திண்ணிய மரப்பலகை. தந்திகளின் கீழே, தீப்பெட்டியைவிடச் சற்று நீண்ட ஒரு சிறு பெட்டி பதிக்கப்பட்டிருக்கும். அதனுள்ளே காந்தமும், தலைமயிரினும் மெல்லிய செம்புக் கம்பியைப் பல்லாயிரம் சுற்றுகளாகச் சுற்றிய சுருளும் உள்ளன. இசைக்கலைஞர் இதனைப் ‘பிக்கப்’ என்பர். மெட்டல் என வழங்கும் கடும் இசைவகையை, அதிலும் டெத் மெட்டல், பிளாக் மெட்டல் முதலான அதன் உச்ச வடிவங்களை வாசிப்போர், மிகுந்த வெளியீடு தரும் பிக்கப்புகளை விரும்பித் தேடுகின்றனர். அவ்வாறான ஒன்றைச் சுற்றுவது எப்படி, சுற்றும்போது பெறுவது எது, இழப்பது எது என்பனவே இக்கட்டுரையின் பொருள்.

தமிழ்ச் சங்கத்தின் ஏட்டில் இதற்கென்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். காரைதீவிற் பிறந்து, இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டமும் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதப் பட்டமும் ஒருங்கே பெற்று, திருகோணமலை இந்துக் கல்லூரியின் வளர்ச்சியோடும் தொடர்புகொண்டிருந்த சுவாமி விபுலாநந்தர், 1947இல் வெளிவந்த யாழ்நூலில் நரம்புகளின் நீளத்தையும் சுரங்களின் இடைவெளியையும் கணிதங்கொண்டு ஆராய்ந்தார். நரம்பின் கணக்கைத் தமிழிற் பேசலாம் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

பிக்கப்பைப் பற்றி முதலில் அறியவேண்டியது, அது ஒலியைக் கேட்பதில்லை என்பதாகும். செம்மையாகச் செய்யப்பட்ட பிக்கப்பின் முன் ஒருவர் எவ்வளவு உரக்கப் பாடினாலும் அது வாளாவிருக்கும். நைலோன் நரம்பு பூட்டிய கிற்றாரின் கீழ் வைத்தாலும் அவ்வாறே. அது கேட்பது இரும்பின் அசைவை மட்டுமே. காந்தத்தின் அருகே நிற்கும் எஃகுத் தந்தி தானும் சிறிது காந்தமாகிறது. அது அதிரும்போது சுருளினூடாகச் செல்லும் காந்தப் பாயம் கூடிக் குறைகிறது. பாயம் மாறும் வீதத்துக்கும் சுற்றுகளின் எண்ணிக்கைக்கும் ஏற்பச் சுருளில் மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. 1831இல் மைக்கேல் பரடே கண்டறிந்த தோற்றப்பாடு இது. உயர்தர வகுப்பிற் பௌதிகவியல் கற்றோர் யாவரும் இவ்விதியை விடைத்தாளில் எழுதிப் புள்ளி பெற்றிருப்பர். ஆனால், சுருளொன்றைத் தம் கையாற் சுற்றியோர் அவருள் மிகச் சிலரே. சுற்றத் தெரிந்தவர்களோ பெரும்பாலும் விடைத்தாள் எழுதாதவர்கள். இவ்விரு சாராரும் ஒரே நகரில், ஒரே தெருவில் வாழ்ந்தும் ஒருவரையொருவர் கேட்டறியாதிருப்பது நமது கல்வியின் பெருங்குறை.

காந்தமும் இரும்பும் இம்மாவட்டத்துக்குப் புதியன அல்ல. வடக்கே புல்மோட்டைக் கரையில் அலை ஒதுக்கும் கரிய மணல் இல்மனைற்று, உரூற்றைல், சிர்க்கோன் ஆகிய கனிமங்கள் செறிந்தது. இல்மனைற்று இரும்பும் தைத்தேனியமும் ஒட்சிசனும் சேர்ந்த சேர்வை. சிறுவர் கையிலுள்ள காந்தத் துண்டுக்கு அது எளிதில் இசையாது. இத்தகைய மணலிற் கலந்துள்ள மகனற்றைற்று மணிகளே மீசைபோல் ஒட்டிக்கொள்ளும். இல்மனைற்றைப் பிரிக்க ஆலையில் வலிய காந்தங்கள் வேண்டும். காந்தத்தின் வலிமைக்கேற்ப அது எதனைப் பற்றும், எதனை விடும் என்பது வேறுபடுகிறது. இந்த உண்மை பிக்கப்புக்கும் பொருந்தும்.

சுருளைப் பொறுத்தவரையில், துறைமுகத்தைச் சார்ந்து வாழும் ஊர் சுருளை நம்பி வாழும் ஊரே. பனிக்கட்டி ஆலையின் மோட்டர், வயலுக்கு நீர் இறைக்கும் பம்பு, வீட்டு மின்விசிறி எல்லாம் ஒருநாள் புகைந்து நிற்கும். அன்று அவை மோட்டர் சுற்றும் கடைக்கு வருகின்றன. பழைய சுருளை வெட்டியெடுக்குமுன் அதன் சுற்றுகளை எண்ணிக் குறித்து, கம்பியின் பருமனை அளந்து, அதே எண்ணிக்கையில் புதிதாகச் சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துக் கொடுப்பது அங்குள்ள தொழில். எண்ணிக்கை பிழைத்தால் மோட்டர் சூடேறும். சுருளின் தலைப்பும் முடிவும் மாறிப்போனால் உறுமும்.

இனி, மிகுந்த வெளியீடு என்ற வேட்கை எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகக் காணலாம். 1931இல் கலிபோர்ணியாவில் ஜோர்ஜ் பீச்சம் உருவாக்கிய முதல் மின் கிற்றார் மடியில் வைத்து வாசிக்கும் ஹவாய்க் கிற்றார்; வட்ட உடலும் நீண்ட கழுத்துமாக இருந்தமையால் அதற்குப் ‘பொரிச்சட்டி’ என்று பெயர் வந்தது. அதன் பிக்கப் ஒற்றைச் சுருள். ஒற்றைச் சுருள் தந்தியை மட்டுமன்றிச் சுவரிலுள்ள மின்வடத்தின் காந்தப் புலத்தையும் வாங்கி முரலும். 1955இல் கிப்சன் நிறுவனத்துப் பொறியியலாளர் சேத் லவர் இரண்டு சுருள்களை அடுத்தடுத்து வைத்து, ஒன்றின் சுற்றுத் திசையையும் காந்த முனையையும் மற்றதற்கு எதிராக்கினார். வெளியிலிருந்து வரும் முரலொலி இரு சுருள்களிலும் எதிரெதிராகத் தோன்றி அழிந்தது. தந்தியின் ஒலி கூடிற்று. அமைதியைத் தேடிய ஒரு முயற்சி வலிமையையும் உடன் கொண்டுவந்தது.

வலிமையைத் தேடியவர்கள் பின்னர் வந்தனர். இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரில் தகட்டுத் தொழிற்சாலையில் வேலைசெய்த ரொனி அயோமி என்ற இளைஞர் 1965இல் இயந்திரத்தில் அகப்பட்டு வலக்கையின் இரு விரல்களின் நுனிகளை இழந்தார். அவர் இடக்கையால் மீட்டுபவராதலின், தந்தியை அழுத்தும் கை அதுவே. பிளாஸ்ரிக் போத்தலை உருக்கி விரலுக்கு உறை செய்துகொண்டார். மெல்லிய தந்திகளைப் பூட்டினார். சில ஆண்டுகளின்பின் தந்திகளின் முறுக்கைத் தளர்த்திச் சுருதியையும் இறக்கினார். 1970இல் முதல் இசைத்தட்டை வெளியிட்ட ‘பிளாக் சபாத்’ குழுவின் கனத்த, இருண்ட ஒலி இவ்வாறு உருவாயிற்று. மெட்டல் இசையின் தோற்றுவாயில் ஓர் ஆலைத் தொழிலாளியின் காயம் இருக்கிறது என்பதை, அதனை வெறும் ஆரவாரம் எனத் தள்ளுவோர் அறிந்திருப்பது நன்று. 1972இல் லரி டிமார்சியோ, கிற்றாருடன் வந்த பிக்கப்பைக் கழற்றி அதனிடத்திற் பொருத்துதற்கென்றே வலிய பெரைற்றுக் காந்தமும் மிகுந்த சுற்றும் கொண்ட ‘சுப்பர் டிஸ்டோர்ஷன்’ பிக்கப்பை வெளியிட்டார். அதன்பின் போட்டி தொடங்கிற்று. புளோரிடாவில் டெத் மெட்டலுக்கு அடிகோலியவருள் ஒருவரான சக் சுல்டினர் பயன்படுத்திய எக்ஸ்-ரூ-என், அக்காலத்து மிக வலிய பிக்கப்புகளுள் ஒன்று. இலங்கையிலும் 1990களின் இறுதியிற் கொழும்பில் ‘ஸ்ரிக்மாற்றா’ குழு தோன்றியது; பின்னர் இன்னுங் கடுமையான ஒலியுடன் ‘ஜெனொசைட் ஷிரைன்ஸ்’ போன்ற குழுக்கள் வந்தன. திருகோணமலைக்கு மின் கிற்றாரின் ஒலி அதற்கும் முந்தியே பழக்கமானது. பரமேஷ், கோணேஷ் சகோதரர்களின் மெல்லிசைக் குழு இம்மண்ணுக்குரியது. ஆனால், மெல்லிசையின் கிற்றாரும் மெட்டலின் கிற்றாரும் ஒரே மரத்தில் இரு வேறு பறவைகள்.

வெளியீட்டைக் கூட்ட வழிகள் மூன்று: சுற்றைக் கூட்டலாம், காந்தத்தின் வலிமையைக் கூட்டலாம், பிக்கப்பைத் தந்திக்கு அண்மையாக உயர்த்தலாம். மூன்றிலும் ஒரு பொறி உண்டு. காந்தம் மிக வலிதாயின், அல்லது மிக அண்மித்தால், அது தந்தியைத் தன்பால் இழுத்து அதிர்வைக் குலைக்கும். தடித்த தந்தி தன் சுருதியிலிருந்து விலகித் தடுமாறும். சுற்றைக் கூட்டுவதில் உள்ள பொறி இதனினும் நுண்ணியது.

பழைய கிப்சன் பிக்கப்பில் ஒவ்வொரு சுருளும் ஏறத்தாழ 5,000 சுற்று. கம்பி அமெரிக்க அளவில் 42ஆம் எண், அதாவது 0.063 மில்லிமீற்றர். சுருளொன்றின் தடை 4,000 ஓம் எனக் கொண்டால், அதிலுள்ள கம்பியின் நீளம் ஏறத்தாழ 735 மீற்றர். இரு சுருளும் சேர்ந்து ஒன்றரைக் கிலோமீற்றர். அதே பொபினில் இன்னுஞ் சுற்றுவதற்கு இடமில்லை. ஆகவே, 44ஆம் எண் கம்பிக்கு இறங்குகின்றனர். அதன் விட்டம் 0.05 மில்லிமீற்றர். கடையில் இப்பிக்கப்பின் பெட்டியில் ‘16,000 ஓம்’ என்று அச்சிட்டிருக்கும். பழையதில் 8,000, புதியதில் 16,000, எனவே வெளியீடு இரட்டித்தது என்று வாங்குபவர் மகிழ்வர். உண்மை வேறு. மெல்லிய கம்பியில் ஒவ்வொரு மீற்றருக்கும் தடை கூடுதல் என்பதால் தடையின் பெருக்கத்திற் பெரும்பகுதி அதனாலேயே வந்தது. கணக்கிட்டுப் பார்த்தால் சுருளொன்றின் சுற்று 5,000இலிருந்து 6,400 அளவுக்கே உயர்ந்திருக்கும். மின்னழுத்தம் நூற்றுக்கு இருபத்தெட்டுப் பங்கு கூடும். செவிக்கு அது இரண்டு டெசிபெல். ஓம் கணக்கை வலிமையின் அளவாகக் கொள்வது, சோற்றுப் பானையின் கரியைப் பார்த்துச் சோற்றின் அளவைச் சொல்வது போன்றது.

கூடியதைக் கண்டோம். குறைந்தது எது? சுருளின் தூண்டுதிறன் சுற்றின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். பழைய பிக்கப்பின் 4.4 ஹென்றி இப்போது 7.2 ஹென்றி ஆகும். சுருளும் அதனோடு தொடுத்த வடத்தின் கொள்ளளவமும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட மீடிறனிற் பரிவுறும். அதற்கு மேற்பட்ட ஒலிகள் விரைந்து தேயும். கொள்ளளவம் 600 பிக்கோபரட்டு எனின், பழையதன் பரிவு மீடிறன் 3,100 ஹேட்ஸ் அளவில் நிற்க, புதியது 2,400க்கு இறங்குகிறது. மனிதர் பேச்சில் மெய்யெழுத்துகளின் கூர்மை உள்ள பரப்பும் இதுவே. விரல் தந்தியைத் தொடும் ஓசை, நரம்பின் பளிச்சிடல், ஒரு சுரத்துக்கும் அடுத்ததற்கும் இடையிலுள்ள விளிம்பு ஆகியன எல்லாம் அங்கேதான் வாழ்கின்றன. ஒவ்வொரு சுற்றும் ஒன்றைத் தந்து ஒன்றைக் கொண்டுபோகிறது.

இத்தொழிலைக் கையாற் செய்தோர் இதனைக் கணக்கின்றியே உணர்ந்திருந்தனர். 1956இல் பென்டர் தொழிற்சாலையிற் சேர்ந்த அபிகேல் இபாரா என்ற அம்மையார் அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பிக்கப் சுற்றினார். அவர் கை பட்டவற்றைத் தேடி வாங்குவோர் உளர். பின்னாளிற் பெயர்பெற்ற சேமர் டங்கன், இளமையிற் பழுதுற்ற பிக்கப் ஒன்றை இசைத்தட்டுச் சுழலியின் மேல் வைத்துச் சுற்றிப் பழகியவர். 78 சுழற்சி வேகத்தில் 5,000 சுற்றுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலாகும். பொறுமையுள்ளவர்க்கு அது பெரிதன்று.

உட்துறைமுகத்துக்கு அண்மையிலுள்ள மோட்டர் கடையொன்றிலும் இவ்வாறான முயற்சி ஒன்று நடந்தது. கடைக்காரர் ஐம்பதைக் கடந்தவர். அவருடைய தமக்கையின் மகன் மெட்டல் இசையில் ஆழ்ந்தவன். தன் மலிவான கிற்றாரின் இறந்துபோன பிக்கப்பைக் கைக்குட்டையிற் பொதிந்து கொண்டுவந்தான்.

“மாமா, இதைத் திருப்பிச் சுத்தித் தருவீங்களோ? முந்தினதைவிடக் கூடச் சுத்து வேணும்.”

அவர் மூக்குக்கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார். “இது கம்பியோ, சிலந்தி நூலோ? முப்பத்தாறாம் நம்பருக்குக் கீழ என்ர கை பழகேல்லை, மருமகன்.”

அவர் சொன்ன எண் பிரித்தானிய அளவு. இலங்கையின் மோட்டர் கடைகளிற் கம்பியின் பருமன் அவ்வளவிலேயே பேசப்படும். அமெரிக்க 44ஆம் எண்ணும் பிரித்தானிய 47ஆம் எண்ணும் ஒரே விட்டம். இளைஞன் இதனைக் கணித்து வைத்திருந்தமையால் கொழும்பிலிருந்து சரியான கம்பி வந்து சேர்ந்தது. கையாற் சுழற்றும் இயந்திரம் தடித்த கம்பிக்கானது. அதன் இழுப்புக்கு இக்கம்பி தாங்காது. ஆதலால், பழைய தையல் இயந்திரத்தின் மோட்டர் ஒன்று பூட்டப்பட்டது. சுழலும் தண்டில் ஒரு சிறு காந்தத்தை ஒட்டி, அது கடக்குந்தோறும் மூடித் திறக்கும் காந்த ஆளி ஒன்றைக் கணிப்பானின் சமக்குறிச் சாவியோடு இணைத்து, ஒன்றுடன் ஒன்றாகக் கூட்டி எண்ணவைத்தான் இளைஞன். அவர் அதனை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்து, “படிச்சது வீண்போகேல்லை” என்றார்.

முதல் முயற்சி இரண்டாயிரத்துச் சொச்சத்தில் அறுந்தது. இரண்டாவது, முனையிற் பூச்சைச் சுரண்டும்போது அறுந்தது. மோட்டர்க் கம்பியின் பூச்சைக் கத்தியால் வழிப்பது வழக்கம். இக்கம்பியின் பொலியூரிதேன் பூச்சோ பற்றாசின் சூட்டிலேயே தானாக விலகும், கத்தி வேண்டியதில்லை. மூன்றாம் முறை அவர் கம்பியைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே, ஒரு கம்பளித் துண்டினூடாக, நாடி பார்ப்பவர்போற் பிடித்தார். இறுக்கினால் அறும், தளர்த்தினாற் சுருள் பஞ்சுபோற் பருத்துப் பொபின் நிரம்பிவிடும். இரண்டு சுருளும் முடிந்தன. இணைத்துப் பூட்டி மீட்டியபோது ஒலி மெலிந்து, குழாய்க்குள்ளிருந்து பேசுவதுபோல் வந்தது. இளைஞன் முகம் வாடிற்று. அவர் சிரித்தார். “ஒரு சுருளின்ர தலைப்பும் முடிவும் மாறிப்போச்சு. மோட்டர் எண்டால் உறுமியிருக்கும், இது அழுகுது.” இரு கம்பிகளை மாற்றிப் பற்றாசு வைத்ததும் ஒலி நிறைந்தது.

சுருளை உறுதியாக்க வார்னிஷ் ஊற்றவேண்டும் என்பது அவர் எண்ணம். அவன் மெழுகு போதும் என்றான். பெருக்கியின் ஓசை மிகும்போது இறுகாத சுற்றுகள் தாமே அதிர்ந்து கூச்சலிடும். அதனைத் தடுக்கவே பரபின் மெழுகிற் சிறிது தேன்மெழுகு கலந்து, பிளாஸ்ரிக் பொபின் இளகாத அளவுக்குச் சூடாக்கி, குமிழி அடங்கும்வரை சுருளை அதில் அமிழ்த்துவர். வார்னிஷ் ஊற்றிய சுருளைப் பின்னர் எவராலும் அவிழ்க்கவியலாது. மீண்டும் திறக்கக்கூடியதாக ஒன்றைச் செய்வது அவருக்குப் பிடித்திருந்தது, ஒத்துக்கொண்டார்.

அவன் கேட்டபடி சுருளொன்றுக்கு 6,500 சுற்று. ஆயினும், அவர் தம் விருப்பத்துக்கு 42ஆம் எண்ணுக்கு நிகரான கம்பியில் 5,000 சுற்றுக் கொண்ட இன்னொன்றையும் சுற்றி வைத்திருந்தார். இரண்டையும் மாற்றிமாற்றிப் பூட்டிக் கேட்டனர். ஓசை கடையின் தகரக் கூரையை அதிரவைத்தது. ஒருமுறை அவர் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.

“தம்பி, இவ்வளவு சத்தம் என்னத்துக்கு? நாங்கள் கேட்ட சத்தம் காணாதோ?”

இளைஞன் விடை கூறவில்லை. கேள்வி எளிதானதன்று. 1980களிலிருந்து 2009 வரை இந்நகரம் கேட்ட ஓசைகளை எவரும் இசை என்று கூறமாட்டார். 2006 ஆகஸ்டில் துறைமுகத்தை நோக்கி எறிகணைகள் வந்தபோது, செவியைப் பொத்துவதற்கும் வாயைத் திறந்து வைப்பதற்கும் சிறுவர்கூட அறிந்திருந்தனர். அக்காலத்து மனிதர் பலர் இன்றும் பட்டாசுக்கு அஞ்சுவர். அவர்களுடைய பிள்ளைகள் உரத்த இசையை நாடுவது நன்றிகேடு என்று சிலர் கூறுவர். அடங்கிக் கிடந்த அச்சத்தின் வடிகால் என்று வேறு சிலர் விளக்குவர். இரண்டும் அவசரத் தீர்ப்புகள். எறிகணையின் ஓசை எவரையுங் கேட்டு வருவதில்லை. கிற்றாரின் ஓசையை அதனை எழுப்புபவனே தொடங்கி, அவனே நிறுத்துகிறான். உள்ளங்கையின் ஓரத்தாற் தந்தியை அடக்கி, ஒவ்வோர் அடிக்குமிடையே முழு மௌனத்தை வைப்பதே மெட்டல் கிற்றாரின் முதற் பயிற்சி. ஓசையை அடக்கத் தெரியாதவன் அவ்விசையில் ஓர் அடிகூட எடுத்துவைக்க இயலாது.

இங்கேதான் சுற்றின் கணக்கு மீண்டும் வருகிறது. மெட்டலின் கரகரப்பு ஒலித்திரிபினால் உண்டாவது. பெருக்கியின் எல்லைக்கு மேலெழும் அலையின் உச்சிகள் வெட்டுண்டு தட்டையாகின்றன. உச்சி ஏற்கெனவே வெட்டுண்ட பின், பிக்கப் இன்னும் உயர்ந்த அலையை அனுப்பினாலும் உயரம் கூடாது. அடியிலுள்ள சிறு ஓசைகளும் மேலெழுந்து எல்லாம் ஒரே உயரமாகிவிடும். சுருதி இறக்கிய தடித்த தந்திகளில் இது சேறாகும். அடிகளுக்கிடையிலிருந்த மௌனம் நிரம்பிப்போகும். எனவே, தேர்ந்த கலைஞர் பலர் மிகுந்த சுற்றிலிருந்து நடுத்தரத்துக்குத் திரும்பியிருக்கின்றனர். 1976இல் ரொப் ரேணர் தொடங்கிய நிறுவனத்தின் ஈ.எம்.ஜி. பிக்கப்புகள் இதனை மறுபுறமாகவே சாதித்தன: சுருளிற் சுற்றைக் குறைத்து, பெட்டிக்குள்ளேயே ஒன்பது வோற்று மின்கலத்தில் இயங்கும் சிறு பெருக்கியை வைத்தன. மெற்றாலிக்கா, ஸ்லேயர் முதலிய குழுக்களின் ஒலி அவற்றோடு பிணைந்தது. அக்காலத்து மிகக் கடுமையான ஓசைகளிற் சில, குறைவாகச் சுற்றிய சுருள்களிலிருந்து பிறந்தன.

துறைமுகத்தோடு வாழ்வோர்க்கு இதனை இன்னொரு சுருளின் கதையாலும் விளக்கலாம். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியக் கடற்படையும் அதன் நேச நாடுகளும் துறைமுக வாயில்கள் பலவற்றின் கடலடியில் நீண்ட மின்வடங்களை வளையமாக விரித்தன. இரும்புடல் கொண்ட நீர்மூழ்கி மேலே கடந்தால் வளையத்தில் மிகச் சிறிய மின்னோட்டம் தூண்டப்பட்டு, கரையிலுள்ள கருவியின் தாளில் ஒரு வளைவு எழும். தந்திக்குப் பதிலாகக் கப்பல், பொபினுக்குப் பதிலாகக் கடற்படுக்கை, விதி பரடேயினதே. 1942 மே 31 இரவு சிட்னித் துறைமுகத்தில் ஜப்பானியச் சிறு நீர்மூழ்கியொன்று அவ்வளையத்தைக் கடந்தது. கருவி அதனைத் தவறாது பதிந்தது. ஆனால், பயணப் படகுகளும் பிற கலங்களும் இடையறாது கடந்துகொண்டிருந்தமையால் தாளெங்கும் வளைவுகள். இந்த ஒன்று எவர் கண்ணிலும் படவில்லை. அவ்விரவில் ‘குத்தபுல்’ என்ற கலம் தாக்குண்டு 21 மாலுமிகள் மாண்டனர். செம்பு கேட்டது, கேட்டவற்றுள் வேண்டியதைப் பிரித்தறியவே முடியாமற் போயிற்று. (அதே ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. வானில் வருவதைக் கடலடிக் கம்பி அறியாது என்பது வேறு செய்தி.)

கேட்பதற்காகச் சுருளைச் சுழற்றிய வேறொரு காலமும் உண்டு. 1990களின் முற்பகுதியில், மின்சாரமும் மின்கலமும் அற்றுப்போன யாழ்ப்பாணத்தில் மக்கள் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, சில்லைக் கையாற் சுழற்றி, டைனமோவின் மின்னில் வானொலிச் செய்தி கேட்டனர். டைனமோவும் காந்தமும் சுருளுமே. சில்லு தளர்ந்தாற் குரல் தேயும். விரைந்தாற் கருவி பழுதாகும். ஒருவர் சுழற்ற, மற்றவர்கள் மூச்சடக்கிக் கேட்பர்.

கடைக்காரரும் இளைஞனும் இரு பிக்கப்புகளையும் மூன்று மாலைகள் கேட்டனர். அவரே ஈற்றில் சொன்னார்: “பிந்தினது பெரிசு. ஆனா முந்தினதிலதான் சொல் விளங்குது.” இளைஞன் அவ்வாறே 5,000 சுற்றினதைப் பாலத்துக்கு அருகிற் பூட்டிக்கொண்டான். பெரியதை எறியவில்லை, கழுத்துப் பக்கத்தில் நீண்டொலிக்கும் தனிச் சுரங்களுக்கு அதன் கனம் பொருந்திற்று.

கடற்கரை நகரில் இச்சுருள்களுக்கு இன்னொரு பகையும் உண்டு. உப்புக் காற்றும் வியர்வையும் பெட்டிக்குள் ஊறிச் செம்பை அரிக்கும். 0.05 மில்லிமீற்றர்க் கம்பியில் அரிப்பதற்கு அதிகம் இல்லை. மெழுகு சிறிது காக்கும், முற்றாகக் காக்காது. ஒருநாள் ஒலி திடீரென மெலிந்தாலோ நின்றாலோ, சுருள் முழுவதையும் வெட்டியெறிய வேண்டியதில்லை. மெழுகை இளக்கி, தடைமானியை வைத்து, எந்தச் சுருள் இறந்தது எனக் கண்டு, முதலில் அதன் முனைகளைப் பார்க்கவேண்டும். பெரும்பாலும் அறுவது நடுவில் அன்று. தடித்த வடத்தோடு பற்றாசு வைத்த இடத்திலேயே. ஊசி முனையால் வெளிச்சுற்றின் அறுந்த நுனியைத் தேடியெடுத்து, ஒரு சுற்று மட்டும் அவிழ்த்து, மீண்டும் பற்றாசு வைத்தாற் போதும். ஐயாயிரத்தில் ஒன்று குறையும். அதனைச் செவி அறியாது.